கப்பலேறி வந்த இதழ்

மலாக்கா நகரில் தமிழ் வார இதழ் ஒன்று வேண்டுமென்றால் ஜாலான் பெண்டஹாரா பக்கம் போனால் போதும். பூச்சரமும் மசாலாத் தூளும் புடவையும் விற்கும் அந்த வட்டாரத்துக் கடைகளில், கல்லாவுக்குப் பக்கத்திலேயே செய்தித்தாளும் இதழும் அடுக்கியிருக்கும். சாமான் வாங்க வந்தவர் போகிற போக்கில் ஒன்றை எடுத்துக்கொள்வார். ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ வந்தவரென்றால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வாங்குவார். இவ்வளவு எளிதாகக் கைக்கு வரும் இந்தப் பொருள் இங்கே வந்து சேர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. லிஸ்பன், கொல்லம், ஜெர்மனியின் ஹாலே, தரங்கம்பாடி, யாழ்ப்பாணம், நாகூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல ஊர்களைச் சுற்றித்தான் வந்தது. வழியில் எதிரிக் கப்பற்படையிடம் பிடிபட்டது, பாற்கட்டி டப்பாவிலிருந்து ஈயம் எடுத்துக்கொண்டது, ஒரு ரயில் பாதையையே பறிகொடுத்தது.

கதையைத் தெருவின் பெயரிலிருந்தே தொடங்கலாம். பெண்டஹாரா என்பது மலாக்கா சுல்தானகத்தில் சுல்தானுக்கு அடுத்த பெரிய பதவி. 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைக் கைப்பற்றியபோது அந்தப் பதவியை ஒரு தமிழ் வணிகருக்குக் கொடுத்தார். நைனா சாத்து என்று வரலாற்றில் குறிக்கப்படும் அவர், அதற்கு முன் ஊரில் சிறைப்பட்டுக் கிடந்த போர்த்துகீசியருக்கு உதவியவர். சோழமண்டலக் கரையின் துணியும் மொலுக்காத் தீவுகளின் கிராம்பும் கைமாறிய சந்தை அது. அந்தக் கடல்வழியைப் போர்த்துகீசியர் தம் வசமாக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய கப்பல்களில் துணியோடும் மிளகோடும் பாதிரிமாரும் பயணம் செய்தார்கள். தமிழுக்கு அச்சு வந்தது அந்தப் பாதிரிமார் கையால்.

அவர்களில் பெரும்புகழ் பெற்றவர் பிரான்சிஸ் சேவியர். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தவர், 1545இல் மலாக்காவுக்கு வந்தார். சீனக் கரையில் அவர் இறந்தபின் 1553இல் அவரது உடல் மலாக்காக் குன்றின் மேலுள்ள தேவாலயத்தில் சில மாதம் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பிறகு கோவாவுக்குப் போனது. 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சேறியது. தமிழ்ச் செபங்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட நூல் அது. அதை உருவாக்கிக் கொடுத்தவர்கள் லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்கள். வின்சென்ட் டி நாசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்ற ஞானஸ்நானப் பெயர்களால் மட்டுமே இன்று அவர்களை அறிகிறோம். சேவியருக்குப் பின் முத்துக்குளித்துறைக்கு வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ், தமிழ் எழுத்திலேயே அச்சிட முனைந்தார். கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்த எழுத்துகளைக் கொண்டு 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பக்கங்கள் பதினாறே.

அந்தத் தொடக்கம் நீளவில்லை. சில நூல்களோடு அச்சுக்கூடம் ஓய்ந்தது. அடுத்த பெரிய முயற்சிக்கு டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1706இல் அங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்கு லண்டன் நண்பர்கள் அச்சுப்பொறி ஒன்றைக் கப்பலில் அனுப்பினார்கள். பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். பொறி எப்படியோ தப்பியது. கூட வந்த அச்சுத் தொழிலாளி ஜோனாஸ் ஃபிங்க் நன்னம்பிக்கை முனைக்கு அருகே காய்ச்சலில் இறந்துபோனார். பொறி மட்டும் தனியாக வந்து சேர்ந்தது. ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளோ பெரியவை, காகிதத்தை விழுங்கின. சிறிய எழுத்து வார்க்க உலோகம் தேடியபோது, இங்கிலாந்திலிருந்து பாற்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகள் கைகொடுத்தன. பிற்காலத்தில் இதழ்களின் பக்கங்களை நிரப்பப்போகும் சிறிய தமிழ் எழுத்துக்கு வழி திறந்தவை அந்த மூடிகளே.

இனி மலாக்காவுக்கே திரும்புவோம். 1815இல் வில்லியம் மில்ன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இங்கே வந்தார். சீனாவில் அச்சிட்டுப் பரப்பத் தடை இருந்ததால், சீனர் நிறைந்த துறைமுகம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. கூடவே வந்த லியாங் ஃபா என்ற மரப்பலகை செதுக்குநர் எழுத்துகளை வெட்டிக் கொடுக்க, அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் மலாக்காவில் ஒரு சீன மாத இதழ் பிறந்தது. நவீன முறையில் வந்த முதல் சீன இதழ் என்று உலகம் இன்று கொண்டாடுவது அதைத்தான். ஆட்கள் எங்கெங்கோ இருந்து வந்தாலும் இதழ் மலாக்காவின் பிள்ளை. வணிகக் கப்பல்களில் ஏறி அது தென்கிழக்காசியத் துறைமுகங்களையும் சீனக் கரையையும் சுற்றியது. வங்காளத்திலிருந்து அச்சுப்பொறியும் ஈய எழுத்துகளும் பின்னால் வந்தன. ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சு வேலை தொடங்கியது.

அந்த அச்சுக்கூடத்தில் ஓர் இளைஞர் வேலை கற்றார். மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாதான் அவர். 1796இல் மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே மணமுடித்துக்கொண்ட அரபியர் ஒருவரின் வழியில் வந்த குடும்பம் அவருடையது. பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அப்துல்லா ஒரு செய்தி சொல்கிறார். சிறுவயதில் தந்தை தன்னைத் தமிழ் கற்க அனுப்பினார், மலாக்காவின் வசதியான குடும்பங்களில் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைப்பது பழைய வழக்கம், கணக்கு வழக்குப் பார்க்கவும் வணிகரோடு பேசவும் அது உதவியது என்கிறார். இரண்டரை ஆண்டு படித்ததாகவும் குறிக்கிறார். மெட்ஹர்ஸ்ட் பாதிரியாரிடம் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்ட அதே கை, அதற்கு முன்பே தமிழ்க் கணக்கு எழுதிப் பழகிய கை. ஊரில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அச்சுப்பொறியும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு தமிழ் இதழ் மட்டும் அன்றைக்குப் பிறக்கவில்லை. கணக்குக்கும் கடிதத்துக்கும் ஓலையும் கையெழுத்தும் போதுமாயிருந்த வணிகருக்கு இதழின் தேவை இன்னும் தோன்றவில்லை.

தேவை முதலில் தோன்றியது வேறு இரண்டு கரைகளில். 1831இல் சென்னையில் கிறித்தவச் சங்கம் ஒன்று ‘தமிழ் மேகசின்’ என்ற பெயரில் ஓர் இதழைக் கொண்டுவந்தது. தமிழின் முதல் இதழ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுவே. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் பத்திரிகைக் கட்டுப்பாடு தளர்ந்தது. அப்போது மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் அதே கம்பெனியின் கீழ் இருந்தன, ஆகவே வங்காள விரிகுடாவின் இரு பக்கமும் ஒரே காலத்தில் கதவு திறந்தது. 1841 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் ‘உதயதாரகை’யைத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்த அந்த இதழ், செய்தி, அறிவியல், விவாதம், வாசகர் கடிதம் என்று ஒரு முழு வார்ப்பைக் காட்டியது. அந்த வார்ப்பைப் பார்த்து எதிர்வாதம் செய்யச் சைவர்களும் முஸ்லிம்களும் தத்தம் அச்சுக்கூடங்களை நிறுவினார்கள். பாதிரியாரிடமிருந்து கருவியை எடுத்துக்கொண்டு பாதிரியாருக்கே பதில் சொன்ன காலம் அது. பார்த்துச் செய்தவர்களின் அந்தச் சுறுசுறுப்பு இல்லாவிட்டால் தமிழ் இதழியல் மிஷன் வளாகத்துக்குள்ளேயே நின்றிருக்கும்.

மலாயாக் கரைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து மரக்காயர்களும் ராவுத்தர்களும். துணி, வெற்றிலை, பாக்கு, கால்நடை என்று வணிகம் செய்தவர்கள் கூடவே புலவர்களையும் போற்றினார்கள். 1872இல் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ சிங்கப்பூரில் அச்சேறியது. நாகூரின் இன்னொரு பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார். சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு 1875இல் ‘சிங்கை வர்த்தமானி’யைத் தொடங்கினார். அது நிலைக்காமல் போக, அடுத்தடுத்து முயன்று, 1887 ஜூனில் ‘சிங்கை நேச’னைக் கொண்டுவந்தார். விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி வந்த வார இதழ் அது. இதே கூட்டத்தில் மலாயும் பேசிய தமிழ் முஸ்லிம் வழியினர், ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற முதல் மலாய்ச் செய்தித்தாளை 1876இல் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நாகூர் வேர் கொண்ட முன்ஷி அப்துல்லாவின் காலத்தில் கூடாத கூட்டு, ஒரு தலைமுறை கழித்து அடுத்த துறைமுகத்தில் கூடியது.

‘சிங்கை நேசன்’ மூன்றாண்டு நடந்து 1890இல் நின்றது. உலகத் தந்திச் செய்தி, உள்ளூர் நடப்பு, ஆசிரியர் கருத்து, பாட்டு, விளம்பரம், வாசகர் கடிதம் என்று பக்கங்கள் நிறைந்திருந்தன. ஆசிரியரே எழுதிய ‘வினோத சம்பாஷணை’ என்ற உரையாடல் கதைகள் 1888இல் வந்தன, இவ்வட்டாரத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று ஆய்வாளர்கள் அவற்றைச் சுட்டுகிறார்கள். சந்தாப் பணம் ஒழுங்காக வராதது அந்தக் கால ஆசிரியர் எல்லோருக்கும் பொதுவான துயரம். வாசகர் தொகை சிறிது. வணிகர், குமாஸ்தா, ஆசிரியர், புலவர் என்ற வட்டத்துக்கு வெளியே படிப்பவர் இல்லை. மலாக்காவின் பழைய தமிழ்க் குடிகளான செட்டிகளிடம் போய்ச் சேரவும் வழி இல்லை. 1781இல் பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டி இன்றுவரை போற்றும் அவர்கள், வழிபாட்டில் தமிழ் மரபைக் காத்தாலும் வீட்டுப் பேச்சில் மலாய்க்கு மாறிவிட்டிருந்தார்கள். இதழுக்குப் புதிய வாசகர் வேண்டியிருந்தது. அந்த வாசகரை உண்டாக்கியது ஒரு விதை.

1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து முளைத்த கன்றுகளில் இருபத்திரண்டு 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. தாவரத் தோட்டத்தை நடத்திய ஹென்றி ரிட்லி, பார்க்கும் தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி மன்றாடினார். காப்பியில் ஊறியவர்கள் காது கொடுக்கவில்லை. கேட்டவர் மலாக்காவின் சீனர் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் அவர் நட்டதே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். அடுத்து புக்கிட் ஆசாகானில் பல ஆயிரம் ஏக்கர். மோட்டார் வண்டி டயருக்கு உலகம் அலைந்தபோது மலாக்காவின் உட்புறம் முழுக்கக் கித்தா மரமாயிற்று. ஜாசின், மெர்லிமாவ், தெபோங், பூலாவ் செபாங், டுரியான் துங்கால் என்று தோட்டம் தோட்டமாக லயங்கள் எழுந்தன. திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் கங்காணிகள் ஆள் சேர்த்து அனுப்பினார்கள்.

அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே இதழ் இங்கே வேறு வாழ்க்கை வாழ்ந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, நிரைக்குப் போய் மரம் வெட்டி, வெயில் ஏறியபின் மங்குமங்காகப் பாலைச் சேர்த்துக் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துவிட்டு வந்தால், மாலைப் பொழுது சொந்தம். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் வீட்டுக்குத் தபாலில் வந்த தாள் கங்காணி கைக்கு வரும், பிறகு கோயில் திண்ணைக்கோ சாமான் கடை வாசலுக்கோ வரும். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார். சுற்றி உட்கார்ந்தவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், தங்கள் ஊர்ப் பெயர் வந்தால் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்வார்கள். ரப்பர் விலை என்ன, ஊரில் மழை உண்டா, காந்தி எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அப்படித்தான் லயத்துக்குத் தெரிந்தது. படித்து முடிந்த தாளுக்கும் வேலை உண்டு. பலகைச் சுவரின் இடுக்கில் காற்று வராமல் பசை தடவி ஒட்டுவார்கள். சுவரில் ஒட்டிய தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்ற பிள்ளைகள் தோட்டந்தோறும் உண்டு. ஒரு பிரதியை எத்தனை பேர் படித்தார்கள் என்று எந்த விற்பனைக் கணக்கும் சொல்லாது.

கிராணிகளில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்து ரயில்வேயிலும் தோட்ட ஆபீஸிலும் வேலைக்கு அமர்ந்தவர்கள், இதழ் வாசிக்கும் வழக்கத்தையும் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். லேவாதேவி நடத்திய நகரத்தார் தம் பங்குக்குக் காரைக்குடிப் பக்கத்து இதழ்களை வரவழைத்தார்கள். இறக்குமதி இதழ் போதாதென்று உள்ளூரிலேயே தொடங்கியது அடுத்த கட்டம். 1924 செப்டம்பரில் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேச’னைத் தொடங்கினார். அதே ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து கணக்கராக வேலை பார்த்தவர் கோ. சாரங்கபாணி. ஈ. வெ. ரா. நடத்திய ‘குடி அரசு’ கப்பலில் வந்து கைமாறிக்கொண்டிருந்த காலம். 1929 இறுதியில் அவரே மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். அந்தச் சூட்டில் வளர்ந்த சாரங்கபாணி 1935 ஜூலையில் ‘தமிழ் முர’சைத் தொடங்கினார். கள் ஒழிப்பு, சாதி மறுப்பு, சீர்திருத்தத் திருமணம், தமிழ்ப்பள்ளி என்று தோட்டத்து வாழ்க்கையே அதற்குத் தலையங்கம். ‘குடி அரசு’ பாணியைப் பின்பற்றித் தொடங்கிய குரல், மலாயாவின் சிக்கல்களைப் பேசப் பேசத் தனக்கென ஒரு தொனியைப் பெற்றது.

கோலாலம்பூர்த் தாள் மலாக்காவுக்கு வந்த வழியில்தான் இந்தக் கதையின் கொடிய திருப்பம் இருக்கிறது. 1905 முதல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளை ரயில் ஓடியது. தபாலும் ரப்பரும் ஆட்களும் அதில் போய்வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில், ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தைப் போலவே மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்த மரண ரயில் பாதையில் மாண்டார்கள். போன பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மலாக்கா நகரத்துக்கு ரயில் அதன்பின் திரும்பவே இல்லை, பூலாவ் செபாங்கில் உள்ள நிலையமே இன்றும் மாநிலத்தின் ரயில் வாசல். போருக்குப் பின் இதழ்க்கட்டுகள் பஸ்ஸிலும் லாரியிலும் வந்தன.

போர் முடிந்த அந்தப் பத்தாண்டில்தான், கேட்டுக்கொண்டிருந்த தோட்டம் எழுதத் தொடங்கியது. 1950இல் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று செய்தித்தாளிலேயே பாடம், பயிற்சி, திருத்தம். எழுத்தாளராகும் ஆசையை ஒரு பள்ளிக்கூடமாக்கிய இந்த யோசனை மலேசியச் சிறுகதைக்கு அடித்தளம் இட்டது. 1952இல் இடைசெவலிலிருந்து வந்த கு. அழகிரிசாமி ‘தமிழ் நேச’னில் ஆசிரியப் பொறுப்பேற்று ஐந்தாண்டு இருந்தார். தமிழ்நாட்டின் தேர்ந்த சிறுகதையாளர் ஒருவர் இங்கே உட்கார்ந்து புதியவர்களின் கதையைப் படித்துக் கருத்துச் சொன்னார். ‘தமிழ் முர’சோ மாணவர் மணிமன்றத்துக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கியது. தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிய நாலு வரி, பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் அச்சில் வந்தது. தன் பெயரை ஈய எழுத்தில் பார்த்த அந்தப் பிள்ளைகளே அடுத்த தலைமுறையின் ஆசிரியர்களாகவும் கவிஞர்களாகவும் சங்கச் செயலாளர்களாகவும் ஆனார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கம் தன் பங்குக்குச் ‘சங்கமணி’யை நடத்தியது. சம்பளமும் சட்டமும் அதில் தமிழில் பேசப்பட்டன.

வாசகர்கள் எழுதியதோடு நிற்கவில்லை, நிதியும் கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கும் பேச்சு எழுந்து, அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் பரிந்துரை வந்தபோது, தமிழே இருக்க வேண்டும் என்று சாரங்கபாணி ‘தமிழ் முர’சில் இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் தமிழ் நூலகத்துக்கு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் வெட்டிய கைகள் அந்த வெள்ளியைக் கொடுத்தன. துறையில் தமிழ் நிலைத்தது. 1961இல் அங்கே பொறுப்பேற்க வந்தவர் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள். லிஸ்பனில் அச்சான அந்த 1554ஆம் ஆண்டு நூலையும் ‘தம்பிரான் வணக்க’த்தையும் தேடி ஆராய்ந்து, தமிழின் முதல் அச்சு நூல்கள் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முன் நிற்பவர் அவர். மூன்று தமிழர்கள் லிஸ்பனில் தொடங்கிய கதையை அறிந்த அறிஞரை, தோட்டத் தமிழர்களின் ஒரு வெள்ளிகள் தாங்கிய துறை வரவேற்றது. 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அவர் முயற்சியால்.

1977இல் ‘வானம்பாடி’ வார இதழ் வந்தது. ஆதி. குமணனும் தோழர்களும் நடத்திய அந்த இதழில் புதுக்கவிதை மலேசிய இளைஞரின் மொழியாயிற்று. தமிழ்நாட்டு வார இதழ்களின் கவர்ச்சியையும் வேகத்தையும் கற்றுக்கொண்டு, உள்ளூர்க் கோபத்தையும் கனவையும் அதில் ஏற்றினார்கள். அதே காலத்தில் வாசகர்களின் காலடி நிலம் நழுவிக்கொண்டிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டவர்கள் மலாக்கா நகரத்துக்கும் ஜோகூருக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். ஒரு திண்ணையில் கூடி ஒரு தாளைக் கேட்ட முப்பது பேர், முப்பது அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினார்கள். 2019 தொடக்கத்தில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வந்த ‘தமிழ் நேசன்’ நின்றுபோனது.

ஆனால் எழுத்து நிற்கவில்லை, அது திசை மாறிப் பயணம் செய்யத் தொடங்கியது. ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சிய’த்தைத் தொகுத்த முரசு நெடுமாறன் தமிழாசிரியர், கவிஞர். அவர் மகன் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் கணினியில் தமிழைக் கொண்டுவர முனைந்தார். அவருடைய ‘முரசு’ மென்பொருள் உலகம் முழுக்கத் தமிழ்ப் பதிப்பகங்களிலும் வீடுகளிலும் பரவியது. 2005இல் ‘செல்லினம்’ கைப்பேசியில் தமிழைத் தட்டச்சு செய்ய வழி செய்தது. ஆப்பிள் கருவிகளில் வரும் ‘தமிழ் சங்கம் எம்என்’ என்ற எழுத்துருவின் கடைசி இரண்டு எழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துகள். கோவாவிலும் கொல்லத்திலும் ஹாலேயிலும் பிறர் வார்த்துக் கொடுத்த எழுத்தை வாங்கிப் பயன்படுத்திய சமூகத்திலிருந்து, சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் டொரண்டோவுக்கும் எழுத்து ஏற்றுமதியானது.

இந்தப் பயணம் முழுவதிலும் ஒரு செய்தி மாறாமல் வருகிறது. தமிழ் இதழைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். துணி வணிகர், கணக்கர், கிராணி, கங்காணி, பால்மரம் வெட்டியவர், பள்ளி ஆசிரியர் என்று வேறு வேலை பார்த்தவர்கள் தம் மாலைப் பொழுதையும் ஒரு வெள்ளியையும் அதற்குக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதே அளவு உழைப்புதான் தேவை. ‘சிங்கை நேச’னின் பழைய இதழ்கள் நூலகங்களில் பாதுகாக்கப்பட்டதால் 1887இன் தமிழை நாம் வாசிக்க முடிகிறது. ‘சங்கமணி’யும் மாணவர் பக்கங்களும் கோயில் விழா மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் அப்படிச் சேர்த்து வைக்கப்பட்டால்தான் மலாக்காத் தோட்டத் தமிழரின் வாழ்க்கை வரலாறாக நிற்கும். ஜாசினிலோ மெர்லிமாவிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய இதழ் ஒன்று கிடைத்தால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் தேதியைப் பாருங்கள், உள்ளே அச்சான தோட்டத்தின் பெயரைப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ சேர்த்துவிடுங்கள். அடுத்த மாத இதழையும் காசு கொடுத்து வாங்குங்கள், வீட்டுப் பிள்ளையை ஒரு கடிதம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நாளைய ஆசிரியர் அந்தக் கடிதத்திலிருந்து வருவார். இந்த மண்ணில் இதுவரை வந்தவர்கள் பலர் அப்படித்தான் வந்தார்கள்.